சித்திரை வெயிலில் இலை சுருள்வது பூச்சியாலா, உப்பாலா, வெயிலாலா?

கேள்வி: சத்துவாச்சாரி மாடித்தோட்டம்

அனைவருக்கும் வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில், சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையிலிருந்து சற்றே உள்ளடங்கிய தெருவில் எங்கள் வீடு இருக்கிறது. மொட்டைமாடியில் முள்ளுக்கத்திரி, மிளகாய், வெண்டை, தக்காளி ஆகியவற்றைப் பைகளிலும், குண்டுமல்லி, செம்பருத்தி, கறிவேப்பிலை ஆகியவற்றைப் பெரிய தொட்டிகளிலும் வளர்த்து வருகிறேன். தை, மாசி மாதங்களில் குறை சொல்ல முடியாதபடி காய்த்த செடிகள் பங்குனி பிறந்ததிலிருந்து ஒவ்வொன்றாகச் சோர்ந்துவிட்டன. எல்லாச் செடிகளும் ஒரே நேரத்தில் பாதிக்கப்பட்டிருப்பதால் காரணம் ஒன்றா, பலவா என்பதே எனக்கு விளங்கவில்லை. ஆகவே கண்ணில் பட்டவற்றை அப்படியே எழுதுகிறேன்.

கத்திரி இலைகளின் மேற்புறம் ஊசியால் குத்தியது போல வெளிறிய புள்ளிகள் நிறைந்து, இலை முழுவதும் பழுப்பேறி, தொட்டால் முறுமுறுவென்று உடைகிறது. அடிப்புறத்தில் மெல்லிய நூலாம்படை போன்ற ஒன்றும், அதில் சாலைப் புழுதியும் ஒட்டியிருக்கின்றன. மிளகாயில் சில செடிகளின் இலைகள் படகு போல மேல்நோக்கிச் சுருண்டிருக்கின்றன. வேறு சில செடிகளில் கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டு தொங்குகின்றன. செம்பருத்தியின் கொழுந்துகளில் வெள்ளைப் பஞ்சு அடைந்திருக்கிறது. எறும்புகள் ஓயாமல் ஏறி இறங்குகின்றன. தக்காளி பூத்த பூவெல்லாம் காம்போடு உதிர்கிறது, ஆனால் அதில் எந்தப் பூச்சியையும் காணவில்லை. மல்லியின் இலை விளிம்புகள் தீய்ந்து போகின்றன.

தண்ணீரைப் பொறுத்தவரை, குழாயில் வரும் குடிநீரைச் சமையலுக்கு வைத்துக்கொண்டு, ஆழ்துளைக் கிணற்று நீரையும், வீட்டுச் சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் கழிவுநீரையும் செடிகளுக்கு ஊற்றுகிறேன். வீணாகும் நீர்தானே என்ற எண்ணத்தில் செய்வது அது. மருந்துக் கடையில் இலையைக் காட்டியபோது, ‘இது எல்லாப் பூச்சிக்கும் கேட்கும்’ என்று சொல்லி ஒரு புட்டியைக் கொடுத்தார்கள். அதில் மோனோகுரோட்டோபாஸ் என்று அச்சிட்டிருக்கிறது. காய் பறித்துச் சமைக்கும் செடியில் அதைத் தெளிக்க மனம் வரவில்லை, ஆகவே இன்னும் மூடியைத் திறக்கவில்லை.

அபுதாபியில் இருக்கும் என் நாத்தனார், அங்கெல்லாம் கோடையில் தோட்டத்தையே மூடிவிடுவார்கள் என்றும், அக்னி நட்சத்திரம் முடியும்வரை நானும் செடிகளைப் பிடுங்கிவிட்டு மண்ணை ஆறப்போடுவதே நல்லது என்றும் சொல்கிறார். வேலூரிலும் அப்படித்தான் செய்ய வேண்டுமா, அல்லது இருக்கும் செடிகளைக் காப்பாற்ற வழி உண்டா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில் 1: அணைக்கட்டு விவசாயி

அம்மா, வணக்கம். முதலில் அந்தப் புட்டியைத் திறக்காமல் வைத்ததே நல்லதாயிற்று. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிப் பயிர்களில் பயன்படுத்துவதற்கு நம் நாட்டில் ஏற்கெனவே தடை இருக்கிறது. அதைத் தெரிந்தும் மாடித்தோட்டத்திற்கு எடுத்துக் கொடுக்கிறவரிடம் மறுபடி ஆலோசனை கேட்க வேண்டாம். தடை இல்லாதிருந்தாலும்கூட, உங்கள் கத்திரிக்கு அது உதவாது என்பதற்குத் தனியே ஒரு காரணம் இருக்கிறது.

நீங்கள் எழுதிய அடையாளங்களை வைத்துப் பார்த்தால் கத்திரியில் இருப்பது செஞ்சிலந்தி. உறுதி செய்துகொள்ள வேண்டுமென்றால், பாதிக்கப்பட்ட இலையை ஒரு வெள்ளைத் தாளின் மீது பிடித்து இரண்டு தட்டு தட்டுங்கள். தாளில் விழுந்த தூசுக்கு நடுவே மிளகாய்ப் பொடியின் துகள் அளவில் ஏதேனும் ஊர்ந்தால் அது செஞ்சிலந்திதான். எதுவும் அசையவில்லை என்றால் வெறும் புழுதி. இது எட்டுக் கால் கொண்ட சிலந்தி இனத்தைச் சேர்ந்தது. ஆகையால் ஆறு கால் பூச்சிகளுக்கென்று செய்யப்பட்ட மருந்துகள் பலவும் இதைச் சரியாகக் கொல்வதில்லை. மாறாக, இதைத் தின்று வாழும் நல்ல சிலந்திப் பேன்களையும் சிறு பொறிவண்டுகளையும் அவை கொன்றுவிடுகின்றன. கடுமையான மருந்து அடித்த வயலில் செஞ்சிலந்தி முன்னைவிட அதிகமாகப் பெருகுவதை எங்கள் பக்கத்துக் கத்திரித் தோட்டங்களில் எத்தனையோ கோடைகளில் பார்த்தாயிற்று. பைரித்ராய்டு வகை மருந்துகளும் இமிடாகுளோபிரிடும் இந்தக் கெடுதலைச் செய்வதில் பெயர் பெற்றவை.

வெயிலும் வறட்சியும் கூடக்கூட இதன் வளர்ச்சி வேகமெடுக்கும். முப்பது டிகிரி வெப்பத்தில் முட்டையிலிருந்து முட்டையிடும் நிலைக்கு வர ஏறக்குறைய பத்து நாளே போதும், ஒரு பெண் சிலந்தி நூறு முட்டை வரை இடும். நம் ஊரில் பங்குனிக் கடைசியிலிருந்து வைகாசி வரை பகல் வெப்பம் அதைவிட மிகக் கூடுதல். போதாக்குறைக்குச் சுற்றிலும் இருக்கும் மொட்டைப் பாறைக் குன்றுகள் பகலில் வாங்கிய சூட்டை இரவில் திருப்பிக் கொடுக்கின்றன. நெடுஞ்சாலைப் புழுதியோ இலையின் மீது படிந்து, நன்மை செய்யும் உயிர்களை நடமாட விடாமல் செய்துவிடுகிறது. உங்கள் மாடியில் இவை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன.

வைத்தியம் தண்ணீர்தான். நூலாம்படை கட்டி முற்றிலும் பழுத்துவிட்ட இலைகளைக் கிள்ளி, ஒரு பையில் போட்டுக் கட்டி அப்புறப்படுத்துங்கள். செடிக்கடியிலேயே உதிர விடாதீர்கள். மீதி இலைகளின் அடிப்புறத்தைக் குழாய் முனையில் விரலை வைத்து அழுத்திப் பீய்ச்சும் நீரால் விடியற்காலையில் கழுவுங்கள். மேற்புறத்தை மட்டும் நனைத்தால் பயனில்லை, ஏனென்றால் குடியிருப்பு முழுவதும் அடிப்புறத்தில்தான் இருக்கிறது. முட்டைகள் இந்த நீருக்கும் தப்பிவிடும் என்பதால், மூன்று நாளுக்கு ஒருமுறை வீதம் இரண்டு மூன்று வாரம் விடாமல் செய்ய வேண்டும். ஒருமுறை கழுவிவிட்டுப் பலனில்லை என்று சொல்பவர்களே அதிகம்.

அதோடு, லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்ப எண்ணெயைச் சிறிதளவு காதி சோப்புக் கரைசலோடு நன்றாகக் கலக்கி, பொழுது சாய்ந்து வெயில் தணிந்த பிறகு தெளிக்கலாம். வயலுக்கு முப்பது மில்லி வரை சொல்வதுண்டு. பையில் நிற்கும் செடிக்கு இந்தக் கோடையில் அந்த அளவு வேண்டாம். துணி துவைக்கும் பொடியைச் சோப்புக்குப் பதிலாகக் கலக்காதீர்கள், இலை வெந்துவிடும். முதலில் ஒரே கிளையில் தெளித்து மறுநாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குத் தெளியுங்கள்.

நனையும் கந்தகம் தெளிக்கலாமே என்று யாராவது சொல்லக்கூடும். செஞ்சிலந்திக்கு அது நல்ல மருந்துதான். ஆனால் வெப்பம் 32 டிகிரிக்கு மேல் போகும் நாளில் கந்தகம் இலையைக் கருக்கிவிடும், எண்ணெய் தெளித்து இரண்டு வாரம் ஆகாத செடியிலும் அதே கதை. வேலூரில் சித்திரையில் காலை ஒன்பது மணிக்கே அந்த வெப்பம் வந்துவிடுகிறது. ஆகவே கந்தகத்தை மாசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மிளகாயில் நீங்கள் பார்த்த இரண்டு சுருட்டலுக்கும் இரண்டு காரணம். மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன்; கீழ்நோக்கிக் கவிழ்ந்து காம்பு நீண்டால் முரணைச் சிலந்தி. முன்னதற்கு வேப்பங்கொட்டைக் கரைசல் நன்றாகக் கேட்கும். பின்னதற்குக் கத்திரிக்குச் சொன்ன முறையே பொருந்தும், ஆனால் அது கொழுந்தைத்தான் தாக்கும் என்பதால் கொழுந்தின் உட்புறம் நனையும்படி தெளிக்க வேண்டும்.

இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து நகரத்தில் பலரும் அதை மாடியில் வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் அது எங்கள் அணைக்கட்டு வட்டத்து மண்ணில் வேர் ஆழமாக ஓடிப் பழகிய செடி. சிறு பையில் வைத்தால் வேர் சூடேறித் தளரும், தளர்ந்த செடியைத்தான் செஞ்சிலந்தி முதலில் தேடி வரும். ஒரு செடிக்குக் குறைந்தது ஒரு பெரிய பையாவது கொடுங்கள். நுனித்தண்டு மட்டும் வாடித் தொங்கினால் அது வெயில் வாட்டமன்று, தண்டுத் துளைப்பான். வாடிய இடத்துக்குச் சற்றுக் கீழே வெட்டிப் புழுவோடு சேர்த்து அழித்துவிடுங்கள்.


பதில் 2: பேரணாம்பட்டு, தற்போது அல் ஐன்

சகோதரி, உங்கள் நாத்தனார் சொன்னது அவர் இருக்கும் ஊருக்குச் சரி. அமீரகத்தில் வீட்டுத் தோட்டக்காரர்களின் ஆண்டு செப்டம்பர், அக்டோபரில் தொடங்கி ஏப்ரலோடு முடிகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பகல் வெப்பம் 45 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம், மழையோ ஆண்டு முழுவதற்கும் சேர்த்தே மிகக் குறைவு. அந்த மாதங்களில் காய்கறிச் செடியைக் காப்பாற்றச் செலவாகும் நீருக்கும் உழைப்புக்கும் அது காய்ப்பது ஈடாகாது. வேலூர் பாலைவனம் அன்று. அக்னி நட்சத்திரம் மே முதல் வாரத்தில் தொடங்கி மே கடைசியோடு முடிந்துவிடுகிறது. நடுவிலேயே இடியோடு ஒரு கோடை மழையும் பெய்யும், ஆடிக்குள் காற்று மாறிவிடும். ஒரு மாதத்துக் கடுமைக்காகக் காய்க்கும் கத்திரியைப் பிடுங்குவது வீண் என்பது என் கருத்து.

ஆனால் பாலைவனத்தில் தோட்டம் போடுகிறவர்கள் செய்யும் இரண்டு காரியங்களை நம் ஊர்க்காரர்கள் சித்திரையில் கட்டாயம் கடைப்பிடிக்கலாம் என்று நினைக்கிறேன். அவை உப்பைக் கழுவுவதும் நிழலைத் திட்டமிடுவதும் ஆகும்.

உப்பைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் மல்லியின் விளிம்பு தீய்வதற்குப் பூச்சி காரணமாக இருக்க வாய்ப்பில்லை. சுத்திகரிப்புக் கருவி நல்ல நீரைப் பிரித்தெடுத்துவிட்டு, கிணற்று நீரில் இருந்த உப்பு முழுவதையும் கழிவுநீரில் திரட்டி வெளியே தள்ளுகிறது. ஏற்கெனவே கடினமான வேலூர் நிலத்தடி நீர் இப்படி மேலும் செறிவடைந்து உங்கள் பைக்குள் போகிறது. வெயிலில் நீர் ஆவியாகிவிடுகிறது, உப்பு மட்டும் அங்கேயே தங்குகிறது. பையின் ஓரத்திலும் மண்ணின் மேலும் வெள்ளைப் பூச்சு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆற்காடு, இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்தில் இருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் கெட்ட கதை 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது நம் எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் கழிவுநீரைத் தரை கழுவவும் கழிப்பறைக்கும் பயன்படுத்துங்கள், செடிக்கு வேண்டாம். வாரத்தில் ஒரு நாளாவது குழாயில் வரும் காவிரிக் குடிநீரையோ, பிடித்து வைத்த மழைநீரையோ, பையின் அடித்துளை வழியாக நன்றாக வடியும் அளவுக்கு மெதுவாக ஊற்றுங்கள். மண்ணிலிருக்கும் உப்பு அந்த வடிநீரோடு வெளியேறும். நாள்தோறும் சிறிது சிறிதாக மேல்மண் நனைய மட்டும் ஊற்றுவதுதான் உப்பை வேருக்குப் பக்கத்திலேயே சேர்த்து வைக்கும் முறை. இங்கே பேரீச்சைக்கே இப்படி வடிய விட்டுப் பாய்ச்சுகிறார்கள், பேரீச்சை மற்ற பல மரங்களைவிட உப்பைத் தாங்கக்கூடியது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். மல்லிக்கு அந்தத் தாங்கும் சக்தி இல்லை.

நிழலைப் பற்றிப் பேசும்போது, 2011-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்ட அல் ஐன் சோலைகளைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அங்கே மேலே பேரீச்சை, அதன் நிழலில் எலுமிச்சை, மா போன்ற பழமரங்கள், அவற்றுக்கும் கீழே தீவனப் பயிர் என்று அடுக்கடுக்காக வைத்திருக்கிறார்கள். மாடியில் பேரீச்சை வைக்க முடியாதுதான், ஆனால் கறிவேப்பிலை, முருங்கை போன்ற உயரமான தொட்டிகளை மேற்குப் பக்கம் வரிசையாக நகர்த்தி, அவற்றின் நிழல் பிற்பகலில் கத்திரி மீதும் மிளகாய் மீதும் விழும்படி செய்யலாம். வலை கட்டுவதாக இருந்தால் ஐம்பது விழுக்காட்டு நிழல்வலை போதும். நான்கு பக்கமும் மூடாமல் மேலேயும் மேற்கிலும் மட்டும் கட்டுங்கள், காற்று நுழையாத வலைக்கூடாரம் வெயிலைவிடக் கெடுதல். பைகளைச் சுடும் தளத்தில் நேராக வைக்காமல் செங்கல் மேல் ஏற்றி, கறுப்புப் பைகளானால் நனைத்த கோணியால் சுற்றிவிடுங்கள். வெயிலில் கிடக்கும் குழாயிலிருந்து முதலில் வரும் நீர் கொதிக்கும். அதை ஒரு வாளியில் பிடித்துவிட்டுப் பிறகு செடிக்குத் திருப்புங்கள்.

தக்காளிப் பூ உதிர்வதற்கு மருந்து எதுவும் கிடையாது. பகல் 35 டிகிரிக்கு மேலும் இரவு 24 டிகிரிக்கு மேலும் இருந்தால் மகரந்தம் கெட்டுப் பிஞ்சு பிடிக்காது. எத்தனை ஊக்கி தெளித்தாலும் இதுவே நடக்கும். என்னைக் கேட்டால் உங்கள் தோட்டத்தில் இப்போதே பிடுங்கிவிடத் தகுந்தது தக்காளி ஒன்றுதான்.

பெரியவர் புழுதியைப் பற்றிச் சொன்னதை இங்கே கண்ணால் பார்க்கிறேன். பேரீச்சைக் காயில் கோடையின் தொடக்கத்தில் ஒரு சிலந்திப் பேன் வலை பின்னும், அதில் மணல் புழுதி ஒட்டிக் குலை முழுவதும் சாம்பல் பூத்தது போல ஆகிவிடும். மணற்காற்று வீசும் பாதையோரத்து மரங்களில்தான் அது அதிகம். நம் ஊரிலிருந்து இங்கே வந்து சேர்ந்த எதிரியும் உண்டு. தெற்காசியாவின் தென்னையில் வாழ்ந்த சிவப்புக் கூன் வண்டு 1980-களில் வளைகுடா நாடுகளுக்குள் நுழைந்து, இன்றுவரை பேரீச்சைக்குப் பெருங்கேடாக இருக்கிறது. வீட்டில் தென்னை வைத்திருப்பவர்கள் மரத்தில் வெட்டுக்காயம் ஏற்பட்டால் அதை மூடி வைப்பது அந்த வண்டுக்காகத்தான்.


பதில் 3: காட்பாடி காந்தி நகர்

வணக்கம் அக்கா. மேலே இருவரும் விட்டுவிட்ட செம்பருத்தியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அது மாவுப்பூச்சி. அதற்கு மருந்து தேடுவதற்கு முன்னால் எறும்பைப் பாருங்கள். மாவுப்பூச்சி வெளியேற்றும் இனிப்பான திரவத்தைக் குடிப்பதற்காக எறும்புகள் அதைக் காவல் காக்கின்றன, ஒரு கொழுந்திலிருந்து இன்னொரு கொழுந்துக்குத் தூக்கிச் சென்று குடியமர்த்தவும் செய்கின்றன. எறும்பு ஏறும்வரை நீங்கள் எதைத் தெளித்தாலும் பஞ்சு திரும்பவும் அடையும். செடியின் கிளைகள் சுவரையோ பக்கத்துச் செடியையோ தொடாதபடி வெட்டி, தண்டின் அடியில் ஒரு துணிப்பட்டையைச் சுற்றி அதன் மேல் கிரீஸ் தடவினால் எறும்பு ஏறாது. கிரீஸை நேராகப் பட்டையில் தடவ வேண்டாம். தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைக்கும் முறையும் உண்டு, ஆனால் தட்டு நீரை அடிக்கடி மாற்றாவிட்டால் டெங்குக் கொசு வளரும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

பஞ்சு அடர்ந்த நுனிகளை வெட்டிச் சோப்பு நீர் வாளியில் போட்டுவிடுங்கள். மற்றவற்றைப் பழைய பல்துலக்கியைச் சோப்பு நீரில் நனைத்துத் தேய்த்து நீக்கலாம். மெழுகுப் பூச்சு இருப்பதால் வெறும் தெளிப்பு அதற்குள் இறங்காது.

தேய்ப்பதற்கு முன்பு ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாவுப்பூச்சிக் கூட்டத்தின் நடுவே, அதே வெள்ளை நிறத்தில், ஆனால் பெரியதாகவும் நீண்ட மெழுகு இழைகளோடும், சுறுசுறுப்பாக நடக்கும் புழு ஏதேனும் இருந்தால் அதைக் கொன்றுவிடாதீர்கள். அது கிரிப்டோலேமஸ் என்னும் பொறிவண்டின் இளம்பருவம், மாவுப்பூச்சியையே தின்று வளர்வது. மாவுப்பூச்சி ஏறக்குறைய நகராமல் கிடக்கும், இது ஓடும். தெரியாதவர்கள் பெரிய மாவுப்பூச்சி என்று நினைத்து இதைத்தான் முதலில் நசுக்குகிறார்கள். 2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, தமிழ்நாட்டில் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எதையும் விடாமல் அழித்தபோது மருந்துகள் எதுவும் நின்று பலன் தரவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது. தெளித்தே ஆக வேண்டும் என்று பதறுகிறவர்களிடம் நான் எப்போதும் சொல்வது இந்த வரலாற்றைத்தான்.

நிழல்வலை குறித்து எனக்கு ஒரு மாற்றுக் கருத்து இருக்கிறது. குண்டுமல்லியை அதற்குள் கொண்டுபோக வேண்டாம். பங்குனி முதல் ஆனி வரைதான் அது பூத்துக் குலுங்கும் காலம், முழு வெயில் இல்லையென்றால் இலைதான் தழைக்கும், மொட்டு குறைந்துவிடும். விளிம்பு தீய்வது உப்பால் என்றால் தண்ணீரை மாற்றினாலே சரியாகும். இப்போது கவாத்து செய்து பார்க்கலாமா என்றும் தோன்றலாம். அது கார்த்திகை, மார்கழி வேலை.

வெண்டையைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. இலை நரம்புகள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தால் அந்தச் செடியை அன்றே பிடுங்கிவிடுங்கள். அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய், வந்த செடிக்கு மருந்தே இல்லை. மஞ்சள் நிற அட்டையில் விளக்கெண்ணெய் தடவிச் செடி மட்டத்தில் தொங்கவிட்டால் மீதிச் செடிகளில் வெள்ளை ஈ எவ்வளவு இருக்கிறது என்பதாவது தெரியும்.


மறுமொழி: சத்துவாச்சாரி மாடித்தோட்டம்

மூவருக்கும் மிக்க நன்றி. வெள்ளைத் தாளில் கத்திரி இலையைத் தட்டிப் பார்த்தேன். சிவப்பாகவும் வெளிர்பச்சையாகவும் ஏராளமாக ஊர்ந்தன. மல்லி இலையைத் தட்டியபோது புழுதியைத் தவிர எதுவும் விழவில்லை, தொட்டியின் உள்விளிம்பிலோ விரலால் சுரண்டும் அளவுக்கு வெள்ளைப் படிவு இருக்கிறது. ஆகவே கழிவுநீரை நிறுத்திவிட்டேன், தக்காளியையும் எடுத்துவிட்டேன். செம்பருத்தியில் நீண்ட இழைகளோடு ஓடும் புழு உண்மையாகவே இருந்தது. அந்தக் கிளையை மட்டும் தொடாமல் விட்டிருக்கிறேன்.

இன்னும் இரண்டு கேள்விகள். அணைக்கட்டு ஐயா மிளகாய் இலைப்பேனுக்குச் சொன்ன வேப்பங்கொட்டைக் கரைசலை வீட்டில் எப்படித் தயாரிப்பது? தக்காளி இருந்த பைகளை இப்போது காலியாக விடலாமா, அல்லது எதையாவது விதைக்கலாமா?


பதில் 4: அணைக்கட்டு விவசாயி

அம்மா, பையைக் காலியாக விட வேண்டாம், விதைக்கவும் வேண்டாம். பழைய மண்ணைத் தளத்தில் பரப்பி ஒரு வாரம் வெயிலில் காயவிடுங்கள். கொட்டும்போதே வெள்ளையாக, ஆங்கில எழுத்து ‘சி’ போல வளைந்து கிடக்கும் தடித்த புழுக்கள் இருக்கின்றனவா என்று கிளறிப் பாருங்கள். சரியாக மக்காத சாணத்தோடு காண்டாமிருக வண்டின் புழு வந்துவிடுவதுண்டு, வேறு வண்டுகளின் வேர்ப்புழுக்களும் உண்டு. பிறகு மக்கிய எருவைக் கலந்து, பைகளில் நிரப்பி, நிழலில் வைத்து மேலே வேர்க்கடலைத் தோலையோ காய்ந்த இலையையோ ஒரு விரல் கனத்துக்கு மூடுங்கள். தோல் தண்டைத் தொடக் கூடாது, காய்ந்துபோகவும் விடக் கூடாது, இல்லையென்றால் கரையான் வந்துவிடும். ஆடிப்பட்டத்தில் கத்திரியும் வெண்டையும் போட மண் தயாராக இருக்கும். இப்போதே ஏதாவது பச்சையாகப் பார்க்க வேண்டும் என்று மனம் கேட்டால் வலைக்கடியில் தண்டுக்கீரை போடுங்கள், அது இந்த வெயிலைத் தாங்கும்.

முதல் கோடை மழை பெய்த பிறகு இரவில் மாடி விளக்கைத் தேடி அந்துப்பூச்சிகள் கூட்டமாக வரும். மானாவாரி வேர்க்கடலையில் எங்களைப் படுத்தும் சிவப்புக் கம்பளிப்புழுவின் தாய்ப்பூச்சியும் அதில் இருக்கும். அந்த வாரம் விளக்கை அணைத்து வையுங்கள், இலைகளின் அடிப்புறத்தில் குவியலாக முட்டைகள் இருந்தால் இலையோடு கிள்ளி எறியுங்கள். குவியலாக இருக்கும்போது எடுப்பது எளிது. பொரித்துப் பரவிய பிறகு துரத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். தொடும்போது கைக்கு ஏதேனும் சுற்றிக்கொள்ளுங்கள், புழுவின் மயிர் அரிக்கும்.

கரைசலுக்கு, ஒரு லிட்டர் நீருக்கு ஐம்பது கிராம் வேப்பம்பருப்பு என்பது கணக்கு. ஓட்டை நீக்கிப் பருப்பை இடித்துத் துணியில் முடிந்து இரவு முழுவதும் அந்த நீரில் ஊறப்போட்டு, மறுநாள் மூட்டையைப் பலமுறை பிழிந்து, பால் போல வரும் சாற்றை வடிகட்டிச் சிறிது காதி சோப்பு சேர்த்து, அன்று மாலையே தெளித்துவிட வேண்டும். வைத்திருந்தால் வீரியம் போய்விடும். ஐந்து ஆறு நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளியுங்கள். அப்படியும் மிளகாயில் சுருட்டல் நிற்கவில்லையென்றால், பாதிக்கப்பட்ட கிளை ஒன்றை நெகிழிப் பையில் போட்டு விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்துச் செல்லுங்கள், நச்சுயிரியா என்று அங்கே பார்த்துச் சொல்வார்கள். போகும்போது ஆழ்துளைக் கிணற்று நீரையும் ஒரு புட்டியில் கொண்டுபோனால் உப்பின் அளவையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

கொட்டையின் வயதில்தான் எல்லாம் இருக்கிறது. பறித்து மூன்று மாதம் ஆகாத கொட்டையிலும், எட்டுப் பத்து மாதத்தைத் தாண்டிய கொட்டையிலும் மருந்துச் சத்து குறைவு. நம் பக்கம் வேப்பம்பழம் ஆனி, ஆடியில் உதிர்கிறது. ஆகவே போன ஆடியில் பொறுக்கி நிழலில் உலர்த்திக் கோணியில் வைத்த கொட்டைக்கு இந்தச் சித்திரைதான் கடைசித் தவணை. கடையில் வாங்குவதானால் எந்த ஆண்டுக் கொட்டை என்று கேட்டு வாங்குங்கள், பூசணம் பிடித்ததை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஆனி பிறந்ததும் உங்கள் தெருவில் இருக்கும் வேப்பமரத்தடியில் காலையில் கூட்டி எடுத்துச் சதையைக் கழுவி உலர்த்தி வைத்துக்கொண்டால், அடுத்த மாசி, பங்குனியில் இலைப்பேன் தலைகாட்டும்போது யாரிடமும் போய் நிற்க வேண்டியிருக்காது.